ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லையா? மோட்டாரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது டெம்பரேச்சர் முள் ஒழுங்காக நடுவில் நிற்கிறது. நெரிசலில் மாட்டி ஐந்து நிமிடம் ஊர்ந்தால் மெல்ல மேலே ஏறுகிறது. சாலை திறந்து வேகம் பிடித்ததும் தானாகவே இறங்கிவிடுகிறது. ஏசியும் அப்படித்தான்: ஓடும்போது ஜில்லென்று வரும் காற்று, நின்றால் வெதுவெதுப்பாகிவிடுகிறது. இந்த இரண்டு அறிகுறிகளும் சேர்ந்தே வந்தால், ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் மின்விசிறி மீது சந்தேகப்படுவதில் தப்பே இல்லை.

காரணம் எளிது. இன்ஜினுக்குள் சூடாகும் கூலன்ட் ரேடியேட்டருக்கு வந்து, அங்கே காற்றுப் பட்டு ஆறித் திரும்பிப் போகிறது. வண்டி வேகமாகப் போனால் எதிர்க்காற்றே போதும், ஃபேனுக்கு வேலை கிடையாது. நின்றால் அந்தக் காற்று இல்லை. ஃபேன்தான் இழுத்துத் தர வேண்டும். ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் ஒட்டியே இருப்பதால் அதற்கும் இதே கதிதான்.

இதைத் திருப்பிப் போட்டும் பார்க்கலாம். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது முள் ஏறுகிறது, நின்றால் இறங்குகிறது என்றால் ஃபேன் மேல் பழி போடாதீர்கள். அடைபட்ட ரேடியேட்டர், முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), தேய்ந்த வாட்டர் பம்ப், குறைந்துபோன கூலன்ட் ஆகியவற்றைத்தான் அங்கே தேட வேண்டும்.

சரி, ஃபேன்தான் என்று வைத்துக்கொள்வோம். "மோட்டார் போச்சு, மாத்திடலாம்" என்பதுதான் வழக்கமாகக் காதில் விழும் முதல் வார்த்தை. சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் மோட்டார் என்பது ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டுமே. அது சுற்ற வேண்டுமென்றால் "இப்போது சுற்று" என்று ஒரு உத்தரவு வர வேண்டும், அந்த உத்தரவின் பேரில் பேட்டரியிலிருந்து கனமான கரண்ட் வந்து சேர வேண்டும், வந்த கரண்டை வாங்கிச் சுற்றும் தெம்பு மோட்டாருக்கும் இருக்க வேண்டும். இதில் எது அறுந்திருக்கிறது என்று தெரியாமல் பாகம் வாங்குவது வீண் செலவு.

கை வைக்கும் முன்

ஃபேன் எந்த நேரமும் திடீரென்று கிளம்பும். சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் சுற்றும். அது கோளாறு அல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். அதனால் இறக்கைக்கு அருகே கை போகும் என்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். தொங்கும் துணி, சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே ஏறத்தாழ 1 பார் கூடுதல் அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திருகிய நொடி அழுத்தம் போய்விடும். உள்ளிருப்பது அப்படியே ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரமாவது ஆறட்டும், தொட்டால் சுடாத அளவுக்கு.

முதலில், அது உண்மையிலேயே சுற்றவில்லையா?

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்து, "பாருங்க, ஃபேன் ஓடவே இல்லை" என்று சொல்பவர்கள் ஏராளம். ஓடாதுதான். பெரும்பாலான கார்களில் தெர்மோஸ்டாட் 82 முதல் 90 டிகிரி வாக்கில் திறக்கும். ஃபேன் 95 முதல் 105 டிகிரிக்குள் எங்கோ ஒரு புள்ளியில்தான் கிளம்பும். சில டிகிரி இறங்கியதும் நின்றுவிடும், மறுபடி ஏறினால் மறுபடி வரும். எனவே நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். முள் வழக்கமான இடத்தைத் தாண்டிக் கணிசமாக ஏறிய பிறகும் சத்தம் இல்லை என்றால்தான் சுற்றவில்லை என்று சொல்லலாம். சிவப்புக் கோட்டை நெருங்கவிட வேண்டாம், அதற்கு முன்பே இன்ஜினை நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று: கார் டேஷ்போர்டில் இருக்கும் முள்ளை முழுதாக நம்ப வேண்டாம். பல புதிய கார்களில் 80 டிகிரியோ 100 டிகிரியோ, எதுவாக இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள், ஓட்டுபவர் பதறாமல் இருக்க. காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவியான ஸ்கேனர் இருந்தால் அதில் தெரியும் எண்தான் சரியான கணக்கு.

அடுத்து கூலன்ட் அளவு. இதைத் தாண்டிப் போய்விட வேண்டாம். கூலன்ட் குறைந்து, அதன் சூட்டை அளக்கும் சென்சார் இருக்கும் இடத்தில் காற்று நின்றுவிட்டால், இன்ஜின் தகித்தாலும் சென்சாருக்கு அந்தச் சூடு சரியாகத் தெரியாது. ஃபேனுக்கு உத்தரவே போகாது. ஃபேன், ரிலே, வயர் எல்லாம் நன்றாக இருந்தும் ஃபேன் சும்மா நிற்கும் இந்த நிலைமை அடிக்கடி வரும். தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டால், ஃபேனைக் கிளப்பும் சுவிட்ச் ரேடியேட்டரில் பொருத்தப்பட்டிருக்கும் பழைய கார்களிலும் இதேதான்: சூடான கூலன்ட் ரேடியேட்டருக்கே வராது, அங்குள்ள சுவிட்சுக்கு எதுவும் தெரியாது. இன்ஜின் கொதிக்கும்போது ரேடியேட்டரின் கீழ்க் குழாய் மட்டும் குளிர்ந்தே இருந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

அப்புறம் கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய, நான் முதலில் செய்யச் சொல்லும் சோதனை: இன்ஜின் ஓடும்போது ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி போட்ட சிறிது நேரத்தில் ஃபேன் கிளம்பிவிடும், இன்ஜின் சூடாகியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஏசிக்குச் சுற்றுகிறது, சூட்டுக்குச் சுற்றவில்லை என்றால் மோட்டாரும் ஃபியூஸும் நன்றாக இருக்கின்றன; கோளாறு சென்சார் பக்கம். இரண்டுக்கும் சுற்றவில்லை என்றால் கரண்ட் வரும் பாதையையோ மோட்டாரையோ பார்க்க வேண்டும். இரண்டு ஃபேன் உள்ள வண்டியில் எது சுற்றியது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். சில மாடல்களில் ஒன்று ஏசிக்கு மட்டும், மற்றொன்று ரேடியேட்டருக்கு மட்டும்.

ஃபியூஸ்

இது சீக்கிரம் முடிந்துவிடும் வேலை. பானெட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியின் மூடியிலேயே படம் இருக்கும். ரேடியேட்டர் ஃபேன் ஃபியூஸ் பொதுவாக 30 அல்லது 40 ஆம்பியர், மற்றவற்றைவிடப் பெரிது. உருகியிருந்தால் அதே அளவில் புதிது போடுங்கள். மறுபடி உருகினால் பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம், அடுத்து உருகப்போவது வயர். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்றால் மோட்டார் ஜாம் ஆகி அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கிறது, அல்லது வயர் எங்கோ உரசி பாடியில் படுகிறது.

ஃபியூஸ் நன்றாக இருந்தாலும் அது உட்காரும் இடத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி, லேசாக உருகி நெளிந்திருந்தால் அங்கே தொடர்பு தளர்ந்து, பல நாளாகச் சூடாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ரிலே: சங்கிலியின் நடு

ஃபேன் மோட்டார் இழுக்கும் கரண்ட் அதிகம். ஓடும்போதே பத்து, இருபது ஆம்பியர், கிளம்பும் நொடியில் அதைவிடக் கூடுதல். இவ்வளவு கரண்டை ஈசியூ என்ற அந்தச் சின்ன கம்ப்யூட்டர் தன் கையால் தர முடியாது. அதனால் நடுவில் ஒரு ரிலே. தண்ணீர் மோட்டாருக்கு வைக்கும் ஸ்டார்ட்டர் பெட்டி மாதிரிதான்: சின்னக் கரண்ட் ஒரு காயிலுக்குப் போய்க் காந்தமாக்குகிறது, அந்தக் காந்தம் பெரிய கரண்ட் போகும் காண்டாக்டை இழுத்து மூடுகிறது.

பல ரிலேக்களின் கால்களில் 30, 85, 86, 87 என்று எண் போட்டிருக்கும். 85, 86 இரண்டும் காயில். 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 மோட்டாருக்குப் போவது. இந்த நான்கு எண்களைப் புரிந்துகொண்டால் ஃபேன் சர்க்யூட்டில் பாதி புரிந்துவிட்டது.

எளிய வழி, அதே பெட்டியில் அதே எண்ணுள்ள வேறு ரிலே, ஹார்னுக்கானது போல ஒன்று இருந்தால், இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்ப்பது. ஃபேன் ஓடினால் விஷயம் முடிந்தது. "டிக்" சத்தம் கேட்டாலே ரிலே நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம். காயில் இழுப்பதுதான் அந்தச் சத்தம்; உள்ளே காண்டாக்ட் கருகியிருந்தால் சத்தம் வரும், கரண்ட் போகாது.

இதைவிட நல்ல சோதனை ரிலேயைப் பிடுங்கிவிட்டுச் செய்வது. டெஸ்ட் லேம்ப்பின் (கரண்ட் இருந்தால் எரியும் சோதனை விளக்கு) கிளிப்பை பேட்டரி நெகட்டிவில் மாட்டி, ரிலே சாக்கெட்டில் 30-க்கான துளையில் முனையை வையுங்கள். எரிய வேண்டும். சில கார்களில் சாவி ஆன் செய்திருந்தால்தான் எரியும். எரியாவிட்டால் பேட்டரிக்கும் ரிலேக்கும் இடையில்தான் பிரச்சினை, பெரும்பாலும் ஃபியூஸோ அதன் இருக்கையோ. எரிந்தால், ஃபியூஸ் இணைத்த கனமான வயரால் 30-ஐயும் 87-ஐயும் சில நொடிகள் இணையுங்கள். இப்போது ரிலேயின் வேலையை நீங்களே செய்கிறீர்கள்.

ஃபேன் பாய்ந்து சுற்றினால் மோட்டார், அதற்குப் போகும் வயர், எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் பாதை) எல்லாமே சரி. பழுது ரிலேயில், அல்லது அதற்கு உத்தரவு தரும் பக்கத்தில். சுற்றவில்லையென்றால் ரிலேயையும் சென்சாரையும் மறந்துவிட்டு மோட்டார் பக்கம் நடங்கள். ஒரே சோதனையில் சங்கிலியின் பாதியை ஒதுக்கிவிடலாம் என்பதால்தான் இங்கே இவ்வளவு நேரம் செலவழிக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: துளையை மாற்றி, 85 அல்லது 86-ல் பேட்டரி கரண்டைக் கொடுத்துவிட்டால் அது நேராக ஈசியூவுக்குப் போய்ச் சேரலாம். அதன் விலைக்குப் பல ஃபேன் மோட்டார்கள் வாங்கலாம். எது எந்தத் துளை என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அந்த மாடலின் வயரிங் படத்தைப் பார்த்த பிறகு செய்யுங்கள்.

உத்தரவு வரும் பக்கம்

பழைய கார்களில் இது வெகு எளிது. ரேடியேட்டரிலேயே ஒரு தெர்மோ சுவிட்ச் திருகப்பட்டிருக்கும். சூடானதும் அதன் உள்ளே காண்டாக்ட் மூடும். அதன் கனெக்டரைக் கழற்றி, இரண்டு வயர் முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் சாவி ஆனில் ஃபேன் ஓட வேண்டும். ஓடினால் சுவிட்ச் போய்விட்டது.

இப்போதைய கார்களில் சுவிட்சுக்குப் பதில் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். அறை வெப்பத்தில் பொதுவாக இரண்டு, மூன்று ஆயிரம் ஓம் இருப்பது, இன்ஜின் சூடானதும் சில நூறு ஓமுக்கு இறங்கிவிடும். அதைப் படித்து, எத்தனை டிகிரி என்று கணக்குப் போட்டு, ஈசியூ ரிலேயை இழுக்கிறது.

இங்கே ஒரு பழுதைத் தனியே சொல்ல வேண்டும். சென்சார் முழுதாக அறுந்துவிட்டால் பல கார்களில் ஈசியூ உஷாராகி, எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனை விடாமல் ஓட்டும். எனவே இன்ஜின் ஓடும்போது சென்சார் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். ஃபேன் உடனே கிளம்பினால் ஈசியூ, ரிலே, மோட்டார் மூன்றும் வேலை செய்கின்றன. தொல்லை தருவது பாதி கெட்ட சென்சார். இன்ஜின் 105 டிகிரியில் இருக்க, "85 டிகிரிதான்" என்று அது சொன்னால் ஈசியூவுக்குச் சந்தேகம் வராது, எச்சரிக்கை விளக்கும் எரியாது, ஃபேனும் ஓடாது.

ஸ்கேனர் இருந்தால் இதைப் பிடிப்பது சுலபம். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் சாவியை ஆன் செய்து படித்தால் கூலன்ட் சூடும் வெளிக்காற்றின் சூடும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் ஊரில் பனி கொட்டுகிறது என்று பொருளல்ல, சென்சார் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. கோளாறு எண்களில் பி0480, பி0481 இரண்டும் ஃபேன் கட்டுப்பாட்டு சர்க்யூட்டைக் குறிப்பவை. பி0117, பி0118 இரண்டும் கூலன்ட் சென்சாரைக் குறிப்பவை. இவை எந்தத் தெருவில் தேடுவது என்று மட்டுமே சொல்லும். எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்று சொல்வதில்லை.

மோட்டார் பக்கம்

பேட்டரியைக் கழற்றிவிட்டு இறக்கையைக் கையால் தள்ளிப் பாருங்கள். இலகுவாகச் சுற்றி மெல்ல நிற்க வேண்டும். இறுகி நின்றாலோ, கரகரவென்று உரசினாலோ பேரிங் போயிருக்கிறது. இறக்கை உடைந்து உறையில் தட்டுகிறதா, ஏதாவது குச்சியோ பாலிதீன் பையோ சிக்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு பழைய தந்திரம்: ஃபேன் ஓட வேண்டிய நேரத்தில் ஓடாமல் நின்றால், மோட்டாரின் பின்புறத்தை ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் லேசாகத் தட்டுவது. இறக்கைக்குத் தள்ளி நின்றுகொண்டுதான். தட்டியதும் கிளம்பினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இன்று ஓடும், நாளை மறுபடி நிற்கும்; அந்த மோட்டாருக்கு ஆயுள் முடிந்தது.

உறுதியான சோதனை, மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த கனமான வயர் மூலம் நேரடியாகக் கரண்ட் கொடுப்பது. அப்படியும் சுற்றவில்லை என்றால் மோட்டாரை மாற்ற வேண்டியதுதான், வாதமே இல்லை. சுற்றினால் மோட்டார் நல்லது. கரண்ட்தான் வந்து சேரவில்லை.

இந்த இடத்தில்தான் மல்டிமீட்டர் பலரை ஏமாற்றுகிறது. கழற்றிய கனெக்டரில் முனைகளை வைத்தால் 12.4 வோல்ட் என்று அழகாகக் காட்டும். "கரண்ட் வருது, மோட்டார்தான் போச்சு" என்று புது மோட்டார் மாட்டுவார்கள், அதுவும் சுற்றாது. ஒரு வயரில் நூறு இழைகளில் ஒரே ஒரு இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் மல்டிமீட்டர் முழு வோல்ட்டேஜையும் காட்டிவிடும், ஏனென்றால் அது இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. மோட்டார் இருபது ஆம்பியர் கேட்கும்போது அந்த ஒற்றை இழையால் தர முடியாது, வோல்ட்டேஜ் படுத்துவிடும். அதனால் இங்கே ஹெட்லைட் பல்பு ஒன்றைக் கனெக்டரில் இணைத்துப் பார்ப்பது மேல். பளிச்சென்று எரிந்தால் பாதை நல்லது. மினுக்கென்று மங்கினால் எங்கோ அரித்திருக்கிறது.

அரிப்பு எங்கே என்று தேடும்போது கனெக்டருக்குள் பச்சைப் பொடி, கருகிய முனை, கையால் வளைத்தால் விறைப்பாக இருக்கும் வயர் ஆகியவற்றைப் பாருங்கள். எர்த் வயர் பாடியில் திருகப்பட்டிருக்கும் இடத்தையும் மறக்க வேண்டாம். அந்த போல்ட்டைக் கழற்றி, பெயின்டும் துருவும் போக உரசி, மறுபடி இறுக்கியதிலேயே குணமான ஃபேன்கள் நிறைய. ஃபேனை ஓடவிட்டு, அதன் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்தால் பூஜ்யத்தை ஒட்டியே வர வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை.

இரண்டு வேகம், இரண்டு ஃபேன்: குழப்பம் வரும் இடம்

பல கார்களில் ஃபேனுக்கு மெதுவான வேகம், முழு வேகம் என்று இரண்டு நிலைகள். மெது வேகத்துக்கு நடுவே ஒரு ரெசிஸ்டரைப் போட்டுக் கரண்டைக் குறைக்கிறார்கள். அந்த ரெசிஸ்டர் எரிந்துபோனால் மெது வேகம் மட்டும் காணாமல் போகும். சூடு இன்னும் ஏறியதும் முழு வேகத்தில் ஃபேன் திடீரென்று அலறிக்கொண்டு கிளம்பும். "ஃபேன் லேட்டா வருது" என்று வரும் புகார்களில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வேறு சில கார்களில் ரெசிஸ்டரே கிடையாது. மெது வேகம் வேண்டுமென்றால் இரண்டு மோட்டார்களையும் தொடராக, ஒன்றன் பின் ஒன்றாக இணைத்துவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் பாதி வோல்ட்டேஜ்தான் கிடைக்கும். முழு வேகத்துக்கு இரண்டையும் பக்கவாட்டில் பிரித்து, இரண்டுக்கும் முழு 12 வோல்ட். இதற்கு மூன்று ரிலே. இந்த அமைப்பில் ஒரு மோட்டார் உள்ளே அறுந்துவிட்டால் மெது வேகத்தில் இரண்டுமே நின்றுவிடும்! நல்ல மோட்டாரும் சேர்ந்து நிற்பதால் ஆட்கள் ரிலேயையும் ஈசியூவையும் குடைந்துகொண்டிருப்பார்கள். முழு வேகத்தில் ஒன்று சுற்றி மற்றது நின்றால், நிற்பதுதான் குற்றவாளி.

மிகப் புதிய வண்டிகளில் ஃபேன் உறையிலேயே ஒரு கட்டுப்பாட்டு மாட்யூல் இருக்கும். கனமான இரண்டு வயர்களோடு மெல்லிய சிக்னல் வயர் ஒன்றோ இரண்டோ கூடவே வரும். வேகம் நிலைநிலையாக இல்லாமல் தேவைக்கேற்ப ஏறி இறங்கும். இங்கே மேலே சொன்ன வயர் போட்டு இணைக்கும் வித்தைகள் வேண்டாம், சிக்னல் வயரில் 12 வோல்ட் கொடுத்தால் மாட்யூல் காலி. ஸ்கேனரில் ஃபேனை நேரடியாக ஓட்டிப் பார்க்கும் வசதி இருக்கும், அதைப் பயன்படுத்தத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வழியிலேயே நின்றுவிட்டால்

முள் ஏறுவதைப் பார்த்ததும் ஏசியை அணைத்துவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் போடுங்கள். உள்ளே வேர்த்துக் கொட்டும், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும். நெரிசல் இல்லாத பாதை இருந்தால் வண்டி நிற்காமல் ஓடுவதே நல்லது. சிவப்பைத் தொட்டுவிட்டால் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கெட் போய், ஒரு ரிலேயோடு முடிந்திருக்க வேண்டிய செலவு இன்ஜின் வேலையாகிவிடும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டுவதும் அதே கதிக்குத்தான் கொண்டுபோகும்.

எல்லாம் சரிசெய்த பிறகு, குறிப்பாகப் புது மோட்டார் போட்டிருந்தாலோ வயரை ஒட்டியிருந்தாலோ, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் பல மோட்டார்கள் தலைகீழாகச் சுற்றும். சத்தமும் காற்றும் இருக்கும், வண்டி மட்டும் ஆறாது. ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் வண்டியில், முன் கிரில்லுக்கு நேராக ஒரு தாளைப் பிடித்தால் உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளினால் வயரை மாற்றிக் கொடுங்கள். பிறகு நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு, ஃபேன் தானாக வந்து, தானாக நின்று, மறுபடி ஒருமுறை வரும்வரை பக்கத்திலேயே இருந்து பார்த்துவிட்டுப் பானெட்டை மூடுங்கள்.